பலாஸ்ட் கம்பியில் எரிந்து போகும் கரண்டைக் குடிதண்ணீராக்க முடியுமா?

மேற்பிரிவுச்_செயலாளர்

எல்லாருக்கும் வணக்கம். இலங்கை மலைநாட்டில் பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவில் இருந்து எழுதுகிறேன். எங்கள் மின்பாவனையாளர் சங்கத்துக்கு மூன்று வருடமாக நான்தான் செயலாளர். உயர்தரத்தில் கலைப்பிரிவு படித்தவள். கரண்ட் பற்றித் தெரிந்ததெல்லாம் பவர்ஹவுஸில் நின்று பார்த்தும் கேட்டும் பழகியது. பிழை இருந்தால் திருத்துங்கள்.

எங்களுடையது ஓடையில் ஓடும் சின்ன நீர்மின் திட்டம். மேலே ஒரு கட்டு, அங்கிருந்து கால்வாய், ஒரு தொட்டி, அப்புறம் செங்குத்தாக இறங்கும் குழாய், அடியில் தண்ணீர் பீய்ச்சி அடித்துச் சுழலும் பெல்டன் சக்கரம். சாதாரண மோட்டர் ஒன்றைத்தான் ஜெனரேட்டராகச் சுழற்றுகிறோம். மழைக் காலத்தில் 12 கிலோவாட் வரும். ஆடி, ஆவணியில் 5 கிலோவாட்டுக்கு இறங்கிவிடும். 62 வீடு, 270 பேர். மாலை ஆறு மணியிலிருந்து ஒன்பதரை வரை வருவதெல்லாம் செலவாகிவிடும். மற்ற நேரத்தில் எல்லா வீடும் சேர்ந்து இழுப்பது இரண்டு கிலோவாட்டுக்கு மேல் போகாது. மீதியை கொன்ட்ரோலர் பலாஸ்ட் கம்பிகளுக்கு, அதாவது மிஞ்சும் கரண்டைச் சூடாக எரித்துத் தீர்க்கும் சுருள்களுக்கு, தள்ளிவிடுகிறது.

அந்தக் கம்பிகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். மழை நாளில் இரவு பத்தரைக்கு மேல் பவர்ஹவுஸ் கதவைத் திறந்தால் முகத்தில் அனல் அடிக்கும். சுவரோரம் வரிசையாகப் பூட்டிய சுருள்கள் செக்கச் செவேலென்று நிற்கும். இரவு பார்க்கப் போகும் அண்ணன் நனைந்த சட்டையை அங்கேதான் காயப்போடுவார். விடிவதற்குள் மொடமொடவென்று காய்ந்துவிடும். அந்தக் கரண்டுக்கு வேறு ஒரு உபயோகமும் இல்லை.

இன்னொரு பக்கம் எங்கள் தண்ணீர். லயத்துக்கு, அதாவது நாங்கள் இருக்கும் வரிசை வீடுகளுக்குப் பின்னால், குழாயில் வந்து விழும் பீலியில் இருந்துதான் குடிக்கிறோம். அது வரும் வழியில் மேலே மரக்கறித் தோட்டமும் மாட்டுப் பட்டியும் இருக்கின்றன. கார்த்திகை மழையில் பீலியில் விழுவது சாயத் தண்ணி மாதிரி இருக்கும். போன கார்த்திகையில் பிள்ளைக் காம்பராவில் (வேலைக்குப் போவோர் பிள்ளைகளை விட்டுப் போகும் இடம்) பதினொரு பிள்ளைகளுக்கு ஒரே வாரத்தில் வயிற்றோட்டம். என் மகளுக்கு நாலு வயது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். பி.எச்.ஐ. ஐயா (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) போத்தலில் தண்ணீர் எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு, மலத்திலிருந்து வரும் ஈ.கோலை கிருமி இருக்கிறது, கொதிக்க வைக்காமல் குடிக்கக்கூடாது என்று எழுதித் தந்தார். அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து, சமைத்து, பிள்ளையை விட்டு, கொழுந்துக்கு ஓடும் பொம்பளைகள் எந்த விறகில், எந்த நேரத்தில் குடிதண்ணீரைக் கொதிக்க வைப்பது?

லயத்துக்கு 35 மீட்டர் கீழே பாறை இடுக்கில் ஒரு ஊற்று இருக்கிறது. எந்த வரட்சியிலும் வற்றியதில்லை. எங்கள் அப்பாயி காலத்தில் குடத்தில் தூக்கி வந்தது அங்கிருந்துதானாம். பீலி வந்ததும் அந்தப் பாதை புல் மண்டிப் போனது.

என் கேள்வி இதுதான். இரவெல்லாம் கம்பியில் எரியும் கரண்டை வைத்தே தண்ணீரைக் கொதிக்க வைக்க முடியுமா? இல்லாவிட்டால் ஊற்றுத் தண்ணீரை ஏற்றிச் சுத்தப்படுத்த முடியுமா? பிள்ளைக் காம்பரா கூரைக்கு 3 கிலோவாட் சோலார் தர ஒருவர் முன்வந்திருக்கிறார். அதை வாங்கினால் பகலிலும் கம்பி சூடேறுவதுதான் மிச்சம் என்று சங்கத்தில் பாதிப் பேர் சொல்கிறார்கள். கீழ்ப்பிரிவு வரை தேசிய மின்கம்பம் வந்துவிட்டது, இந்தச் சக்கரத்தை இனி எதற்குக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு முன்னால் எனக்கு ஒரு பதில் வேண்டும்.

பழைய_ஸ்டோர்_எலக்ட்ரீசியன்

மகள், நான் அட்டன் பக்கத்தில் தேயிலை ஸ்டோர்களில், அதாவது தொழிற்சாலைகளில், 38 வருடம் எலக்ட்ரீசியனாக இருந்தவன். ஒரு காலத்தில் எங்கள் மலையில் ஸ்டோருக்கு ஸ்டோர் தண்ணிச் சக்கரம் ஓடியது. தேசியக் கரண்ட் வந்ததும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பழைய இரும்புக்குக் கொடுத்தார்கள். உங்கள் சக்கரத்துக்கும் அந்த நிலை வரக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. என்ன செய்தாலும் பலாஸ்ட் கம்பியைக் கழற்றாதீர்கள். பாவனை குறையும்போது சக்கரம் வேகமெடுக்காமல் பிடித்து வைப்பது அதுதான். சுமை ஒன்றுமே இல்லாவிட்டால் பெல்டன் சக்கரம் வழக்கமான வேகத்தைப் போல 1.8 மடங்கு வரை ஓடும். வோல்டேஜ் ஏறி வீட்டிலுள்ள பல்பு, டிவி எல்லாம் போகும். பம்ப் எந்த நிமிடமும் நிற்கலாம், நின்ற கணமே அந்தச் சுமையைக் கம்பி ஏற்க வேண்டும். சோலாருக்கும் இதே கணக்கு. 12 கிலோவாட்டோடு 3 சேர்ந்தால் கம்பியும் 15 கிலோவாட் தாங்க வேண்டும். இன்னும் இரண்டு மூன்று சுருள் பூட்டுங்கள், கொன்ட்ரோலர் அவ்வளவுக்குத் தாங்குமா என்றும் செய்தவரிடம் கேளுங்கள்.

கொதிக்க வைக்கிற யோசனையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு லீட்டரை 18 பாகையிலிருந்து கொதி நிலைக்குக் கொண்டுவர 0.09 யூனிட் போகும். 270 பேருக்கு ஆளுக்கு இரண்டு லீட்டர் என்றால் 540 லீட்டர், ஏறத்தாழ 50 யூனிட். மழைக் காலத்தில் இரவு மிச்சத்திலேயே அது கிடைத்துவிடும். ஆடி மாதத்தில் உங்களிடம் மிஞ்சுவது மூன்று கிலோவாட். பகல் இரவு பாராமல் பதினேழு மணித்தியாலம் அதை ஊற்ற வேண்டும். அதற்குப் பிறகு கொதிநீரை ஆற வைத்து, பவர்ஹவுஸ் பள்ளத்திலிருந்து லயத்துக்குத் தூக்கி வருவது யார்?

பம்புக்கு வாருங்கள். உயரம் 35 மீட்டர், குழாயின் உராய்வோடு 40 என்று வைப்போம். ஆளுக்கு 50 லீட்டர் என்றால் நாளைக்கு 13,500 லீட்டர். சின்னப் பம்பின் திறன் மோசம்தான், மூன்றில் ஒரு பங்கு என்று பிடித்தாலும் நாலரை யூனிட்டுக்குள் முடியும். ஒன்றரைக் குதிரை வலு மோட்டர் நாலு மணித்தியாலம் ஓடினால் போதும். 50 யூனிட்டையும் நாலரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆனால் அந்த மோட்டரை நேராகச் சுவிட்சில் போட்டீர்களோ, கெட்டது. மோட்டர் கிளம்பும்போது வழக்கத்தைப் போல ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும். உங்களுடையது மோட்டரைச் சுழற்றி எடுக்கும் ஜெனரேட்டர். அந்த இழுப்பில் காந்தம் விட்டுப்போய் ஊரே இருண்டுவிடும். வேகத்தை மெதுவாக ஏற்றும் இன்வெர்ட்டர் டிரைவ் ஒன்றை மோட்டருக்கு முன்னால் போடுங்கள். பழையது கிடைத்தாலும் நல்லதுதான்.

எப்போது ஓட்டுவது என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். பலாஸ்ட் லைனில் ஒரு பல்பு போடுங்கள். அது பிரகாசமாக எரிந்தால் மிச்சம் நிறைய இருக்கிறது, பம்பைப் போடலாம். மங்கினால் நிறுத்துங்கள். கொஞ்ச நாள் கையால் செய்து பழகிய பிறகு, தானே போட்டு நிறுத்தும் ரிலே வைக்கலாம். கம்பியில் இரண்டு கிலோவாட் ஐந்து நிமிடம் தொடர்ந்து போனால் பம்ப் கிளம்பட்டும், அரைக் கிலோவாட்டுக்கு இறங்கினால் நிற்கட்டும். இரண்டு அளவுக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி விடாவிட்டால் பம்ப் நிமிடத்துக்கொரு தடவை விழுந்து எழும்பும்.

சுகாதாரம்_ஊவா

தங்கச்சி, பிள்ளை இப்போது சுகம்தானே? நான் சுகாதாரத் துறையில் வேலை செய்கிறேன், உங்கள் பகுதி அல்ல.

உங்கள் கடிதத்தில் எனக்கு நெருடிய இடம் ஒன்றுதான். ஊற்று லயத்துக்குக் கீழே இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் லயத்துக் கக்கூஸ் குழிகள் எங்கே இருக்கின்றன? பாறை இடுக்கில் வரும் தண்ணீர் பளிங்கு மாதிரித் தெரியும். ஆனால் பாறை வெடிப்பு மண் மாதிரி வடிகட்டாது, மேலே ஊறியது அப்படியே கீழே வந்துவிடும். குடிதண்ணீருக்கான இலங்கைத் தரமான எஸ்.எல்.எஸ். 614இன்படி 100 மில்லிலீட்டர் குடிதண்ணீரில் ஒரு ஈ.கோலைகூட இருக்கக்கூடாது. ஊற்றையும் ஒரு தடவை சோதிக்கக் கொடுங்கள். மழைக்கு முன் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று கொடுத்தால் இன்னும் நல்லது.

பெரும்பாலும் சுத்திகரிக்கத்தான் வேண்டியிருக்கும். அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் கிராமத்துக்குக் கிராமம் தண்ணீரில் கரைந்த உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. மெசின் இருப்பதைப் பார்த்து இங்கேயும் கேட்கிறார்கள். அங்கே கிணற்றுத் தண்ணீரில் கல்சியமும் புளோரைட்டும் அதிகம். நம் மலைத் தண்ணீரில் உப்பே இல்லை, நமக்குப் பகை கிருமியும் கலங்கலும்தான். ஆர்.ஓ.வுக்குக் காசைக் கொட்ட வேண்டாம்.

கிருமியைக் கொல்லும் யூவி (புற ஊதா) விளக்கு கரண்டைக் கொஞ்சம்தான் தின்னும். ஆனால் அடிக்கடி நிறுத்திப் போட்டால் அதன் ஆயுள் குறையும், போட்டதும் சில நிமிடம் முழு வலுவுக்கு வராது. குழாயில் பிறகு சேரும் கிருமியையும் அது தடுக்காது. மிச்சக் கரண்டில் விட்டு விட்டு ஓடும் இடத்துக்கு அது தோதானதல்ல என்பது என் எண்ணம். மெதுவாக வடிகட்டும் மணல் தொட்டியும் கடைசியில் குளோரினும் போதும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். பம்ப் நின்று நின்று ஓடலாம், மணல் தொட்டிக்கு அது ஆகாது. மணலின் மேல்பரப்பில் வழுவழுப்பாக ஒரு படலம் வளரும், கிருமியைப் பிடிப்பது பெரும்பாலும் அதுதான். அது உயிருள்ளது, தண்ணீர் ஓட்டம் நின்றால் மூச்சுத் திணறிச் செத்துப்போகும். ஆகவே பம்ப் மேலே ஒரு பச்சைத் தண்ணீர்த் தொட்டியை (சுத்திகரிக்காத தண்ணீர்) நிரப்பட்டும். அங்கிருந்து இரவு பகலாக ஒரே சீராக மணலுக்கு இறங்கட்டும். உங்கள் 13,500 லீட்டருக்கு மணித்தியாலம் 560 லீட்டர் ஆகிறது. இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் தொட்டி, உள்ளே 80 சென்ரிமீட்டர் அளவுக்குக் கழுவிய மெல்லிய மணல். படலம் வளர இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், அதுவரை குடிக்கக் கொடுக்காதீர்கள்.

தீவகத்தான்

அக்கா, நான் யாழ்ப்பாணம். கடல்தண்ணியை நன்னீராக்கும் வேலையில் கொஞ்சக் காலம் இருந்திருக்கிறன். நீங்கள் 12 கிலோவாட்டில் யோசிக்கிற விசயத்தை முழு நாடும் யோசிக்க வேண்டியிருக்கு.

2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாடு முழுக்க இருண்டது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்தது என்பதுதான் எல்லாருக்கும் நினைவிருக்கும். ஆனால் அன்றைக்குப் பாவனை குறைவு, கூரை சோலார் அதிகம், சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைவு. அதனால் ஒரு சின்ன அதிர்ச்சியைக்கூட அமைப்பு தாங்கவில்லை. அந்த வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பகலில் கூரை சோலாரை நிறுத்தி வைக்கச் சொல்லி மின்சார சபையே சனத்தைக் கேட்டது. வெயிலில் சும்மா கிடைக்கிற கரண்டை வேண்டாம் என்று சொல்லும் நிலை. உங்கள் பலாஸ்ட் கம்பியும் அதுவும் ஒன்றுதான்.

எங்கட பக்கம் தாளையடியில் 2024இல் திறந்த கடல்நீர் ஆலை நாளைக்கு 24,000 கனமீட்டர் வரை தரக்கூடியது. கடல்நீரில் ஒரு கனமீட்டர் எடுக்க இந்தக் கால ஆலைகளுக்கு மூன்று நாலு யூனிட் போகும். அப்படியான ஆலைகள் நடுப்பகலில் கூடுதலாக ஓடி, மாலை 6.30 இலிருந்து 10.30 வரை உச்ச நேரத்தில் குறைத்து ஓடினால் எவ்வளவு சுமை இடம் மாறும் என்று நீங்களே கணக்குப் பாருங்கோ. அதுவும் சுகமான வேலை அல்ல. உப்பை வடிக்கும் சவ்வுகளின் அழுத்தத்தை மெதுவாகத்தான் ஏற்றி இறக்க வேண்டும். நிறுத்தினால் நல்ல தண்ணியால் கழுவி வைக்க வேண்டும், தண்ணி தேக்கப் பெரிய தொட்டிகளும் வேண்டும். உங்களிடம் சவ்வு இல்லாதது பெரிய வசதி.

குளோரினுக்கு ஒரு வழி சொல்லுறன். உப்புக் கரைசலில் கரண்ட் விட்டால் குளோரின் கரைசலை நீங்களே செய்யலாம். லீட்டருக்கு 25 கிராம் உப்பு போட்டால், சின்னக் கருவிகளில் லீட்டருக்கு 6 கிராம் அளவில் குளோரின் வரும். உங்கள் 13,500 லீட்டருக்கு நாளைக்கு இரண்டே கால் லீட்டர் கரைசல் காணும். உப்பு ஒரு கைப்பிடி அளவுதான். கரண்ட் நிறைய இருக்கும்போது செய்து கறுப்புக் கேனில் நிழலில் வையுங்கோ. நாள் போகப் போக வலு குறையும், அதனால் இரண்டு மூன்று நாளைக்கு மேல் தேக்க வேண்டாம். செய்யும்போது ஹைட்ரஜன் வாயு வரும், யன்னலைத் திறந்து வையுங்கோ, பக்கத்தில் நெருப்பு ஆகாது. முக்கியமாக அந்தச் சிவந்த கம்பிகள் இருக்கும் அறையில் செய்யாதீர்கள்.

மேற்பிரிவுச்_செயலாளர்

உங்கள் எல்லாருடைய பதிலையும் அச்செடுத்துக் கூட்டத்தில் வாசித்தேன். கக்கூஸ் குழி கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மறுநாள் தலைவரோடு நடந்து பார்த்தோம். மற்றவை மேட்டுக்கு அந்தப் பக்கம்தான், ஆனால் இரண்டு குழிகள் ஊற்றுக்கு நேர் மேலே இருக்கின்றன. சோதனையிலும் ஈ.கோலை வந்தது. பீலியை விடக் குறைவு, ஆனால் இருக்கிறது. ஊற்று சுத்தம் என்று நான்தான் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். கேட்காமல் இருந்திருந்தால் அந்தத் தண்ணீரையே மோட்டர் போட்டு ஏற்றிப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருப்பேன்.

ஸ்டோர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். பம்ப் நாலரை யூனிட்தான் தின்னும் என்றால் மழைக் காலத்தில் கம்பியில் எரிவது பெரிதாகக் குறையாது அல்லவா? அப்படியிருக்க இதைக் கரண்ட் மிச்சம் பிடிக்கும் வேலை என்று சங்கத்தில் சொல்லலாமா?

பழைய_ஸ்டோர்_எலக்ட்ரீசியன்

சொல்லாதீர்கள் மகள், பொய்யாகிவிடும். மழைக் காலத்தில் கம்பி எரியத்தான் செய்யும். தண்ணீர் வேலையின் பலன் வேறு இடத்தில் இருக்கிறது. மாலையில் சோறாக்கும் நேரம், பிள்ளைகள் படிக்கும் நேரம், அப்போது பம்ப் ஒரு வாட்கூட இழுக்காது. தொட்டியில் இருப்பதைத்தான் குடிப்பீர்கள். ஆடி, ஆவணியில் ஓடை வற்றும்போது உங்கள் பக்கம் வெயில் நன்றாக அடிக்கும். அந்த மாதங்களில் சோலார்தான் பம்பை ஓட்டும், சக்கரத்தின் ஐந்து கிலோவாட்டும் வீடுகளுக்கு அப்படியே கிடைக்கும். சோலாரை வாங்குங்கள். பட்டரி கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அந்தக் காசில் இன்னொரு டாங்கி வாங்கலாம்.

மேற்பிரிவுச்_செயலாளர்

ஏழு மாதம் கழித்து எழுதுகிறேன். கேட்டவள் பதில் சொல்லாமல் போகக்கூடாது.

ஊற்றுக்கு மேலிருந்த இரண்டு குழிகளையும் மூடி வேறு இடத்தில் வெட்டினோம். சோலார் வந்தது, கம்பியில் மூன்று சுருள் கூட்டினோம். பதுளையில் ஒரு வேர்க்சொப்பில் பழைய டிரைவ் ஒன்று கிடைத்தது. பச்சைத் தண்ணீருக்கு ஒரு பெரிய டாங்கி, சுத்தத் தண்ணீருக்கு இன்னொரு டாங்கி. மணல் தொட்டியை எங்கள் பெடியன்களே கட்டினார்கள். மணலைக் கழுவியது நாங்கள். ஒன்பது ஞாயிற்றுக்கிழமை, முப்பது பொம்பளைகள், கழுவிய தண்ணீர் கலங்காமல் வரும் வரை.

பல்பு யோசனை அப்படியே வேலை செய்கிறது. அதைப் பவர்ஹவுஸில் வைக்காமல் கம்பி இழுத்துப் பிள்ளைக் காம்பரா வாசலில் மாட்டினோம். பிள்ளை பார்க்கும் அக்கா அதைப் பார்த்துத்தான் சுவிட்சைப் போடுகிறார். வெயில் நாளில் பதினொரு மணிக்குப் பல்பு பளிச்சென்று எரியும், மூன்று மணிக்குள் டாங்கி நிரம்பும். ஒருநாள் மத்தியானம் மேகம் மூடி மங்கியதும், சுவிட்சுக்குப் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த என் மகள் "அக்கா, லைட்டு தூங்குது" என்று கூப்பிட்டாளாம். ரிலே வாங்க வைத்திருந்த காசு அப்படியே இருக்கிறது.

மூன்றாம் வாரம் எடுத்த சோதனையில் ஈ.கோலை இல்லை. அதற்கு அடுத்ததிலும் இல்லை. கார்த்திகை மழை ஒரு வாரம் கொட்டியது. பீலி வழக்கம்போலச் சாயமாகத்தான் விழுந்தது. பிள்ளைக் காம்பராவில் ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வீட்டுக்கு மாதம் 150 ரூபாய் தண்ணீர்க் காசு வாங்குகிறோம், அது சக்கரத்தின் பராமரிப்புக் கணக்குக்குப் போகிறது. போன மாதம் மேற்பிரிவுக்கும் தேசிய மின்கம்பம் நட வந்தார்கள். வரட்டும், விரும்பியவர் எடுக்கட்டும். சக்கரத்தை நிறுத்துவோமா என்று கூட்டத்தில் கேட்டபோது ஒருவரும் கை தூக்கவில்லை.

இப்போது உள்ள தலைவலி குளோரின் வாடை. வயசானவர்கள் தேத்தண்ணியில் மருந்து மணக்கிறது என்று திரும்பவும் பீலிக்கே போகிறார்கள். குளோரின் அளவைச் சோதிக்கும் மாத்திரையைத் தண்ணீரில் போட்டுப் பார்த்ததில், டாங்கிக்குப் பக்கத்து லயத்தில் இளஞ்சிவப்பு கடுமையாகவே வருகிறது, கடைசி லயத்துக் குழாயில் நிறம் மாறவே இல்லை. கரைசலைக் கூட்டினால் முதல் லயம் குடிக்காது, குறைத்தால் கடைசி லயத்துக்குப் பாதுகாப்பில்லை. சுகாதாரத் துறை அண்ணா, கடைசி லயத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன டாங்கி வைத்து அங்கே தனியாகக் கொஞ்சம் கலக்கலாமா? இல்லை முதல் டாங்கியிலேயே வேறு வழி இருக்கிறதா?

சுகாதாரம்_ஊவா

வைக்கலாம் தங்கச்சி, அதுதான் சரி. முதல் டாங்கியில் அரை மணித்தியாலமாவது நின்று, வெளியே வரும்போது லீட்டருக்கு அரை மில்லிகிராம் குளோரின் இருக்கிற அளவுக்குக் குறையுங்கள். கடைசி லயத்துக்கு முன்னால் சொட்டுச் சொட்டாகக் கொஞ்சம் சேருங்கள், குழாயில் லீட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது நிற்க வேண்டும். அதற்கு முன், கடைசி லயத்துக்குப் போகும் குழாயை ஒரு தடவை திறந்துவிட்டுக் கழுவுங்கள். உள்ளே படிந்திருக்கும் வண்டல் குளோரினை வழியிலேயே தின்றுவிடும். வயசானவர்களிடம் தண்ணீரை முதல்நாள் இரவே வாயகன்ற பானையில் பிடித்து, வலைத்துணியால் மூடி வைக்கச் சொல்லுங்கள். விடியும்போது வாடை பெரும்பாலும் போயிருக்கும், தேத்தண்ணிக்கு அதை எடுக்கலாம்.